மாதா தலையாட்டிய ஊர்வலம்

ஓய்வு பெற்ற பொறியாளருக்கு உறவினர்கள் செய்யக்கூடிய பெரிய கெடுதல், பழுதான ஒரு பொருளைக் கொண்டுவந்து காட்டி, "சும்மா ஒரு பார்வை பாருங்களேன்" என்பதுதான். அவரால் சும்மா பார்க்க முடியாது. மிக்சி கொஞ்சம் உறுமினால் போதும், அதைப் பிரித்துச் சாப்பாட்டு மேசை முழுக்கப் பரப்பி, இன்று சட்னி கிடையாது என்று அறிவிக்கும் வரை கை ஓயாது.

எங்கள் வீட்டில் அந்தப் பொறியாளர் நான். எண்ணூர் பக்கம் ஓர் அனல் மின் நிலையத்தில் அதிர்வு ஆய்வுப் பிரிவில் இருந்தேன். டர்பைன் ஒழுங்காகச் சுற்றுகிறதா, தள்ளாடிக்கொண்டு சுற்றுகிறதா என்று கண்டுபிடித்துச் சொல்வது வேலை. அதற்கு முறை உண்டு, முறைக்குள் முறை உண்டு, அவை அத்தனையும் எனக்கு மனப்பாடம். (என் கணவர் சேவியருக்கும் மனப்பாடம். அவர் கேட்டுக் கற்றதல்ல, கேட்காமலேயே கற்பிக்கப்பட்டது.) ராயபுரத்தில் என்னை 'இன்ஜினீயரம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது அந்தப் பெயரோடு ஒரு கெட்ட பெயரும் சேர்ந்திருக்கிறது. அது எப்படிச் சேர்ந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

என் தம்பி ஆல்பர்ட் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் வியாபாரம் செய்கிறான். நெட்டுக்குப்பம் பக்கம் மணலுக்குள் இறங்கி ஐஸ் பெட்டிகளை இறக்க வேண்டியிருக்கும் என்பதால், நான்கு சக்கரமும் இழுக்கக்கூடிய ஒரு பழைய பிக்அப் வண்டியை வாங்கியிருந்தான். நான் ஓய்வு பெற்ற வருடம், எங்கள் மாதா கோயில் பங்குத் திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, அவன் வந்து வாசலில் நின்றான்.

"அக்கா, இந்த வாட்டி மாதா என் வண்டிலதான் வர்றாங்க" என்றான்.

இதன் அருமை வெளியாட்களுக்குப் புரியாது. திருவிழாவன்று மாலை மாதா சொரூபத்தை ஒரு வண்டியின் மேல் தேர் கட்டி வைத்து, தெருத்தெருவாக ஊர்வலம் போவோம். தேர் வண்டிக்குப் பின்னால், தேரின் சீரியல் விளக்குகளுக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டரை ஒரு தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவார்கள். ஆல்பர்ட் மீசை முளைத்த நாளிலிருந்து ஜெனரேட்டர் தள்ளியவன். மாதாவின் முகத்தை அவன் ஊர்வலத்தில் பார்த்ததே இல்லை. பார்த்ததெல்லாம் முதுகும், குடித்ததெல்லாம் டீசல் புகையும்தான். தேரை ஓட்டுவது எப்போதும் கன்டெய்னர் லாரி வைத்திருக்கும் மைக்கேல். இந்த வருடம்தான் திருவிழாக் குழு மனம் இரங்கி ஆல்பர்ட்டுக்குக் கொடுத்திருந்தது.

"நல்லதுதானே. அதுக்கு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"வண்டி அழுவுதுக்கா."

குழுச் செயலாளர் இன்னாசி வண்டியை ஒரு நடை ஓட்டிப் பார்த்திருக்கிறார். கிளப்பும்போது அடியில் 'டங்' என்று ஒரு அடி. வேகம் எடுத்தால் ஊளை. இன்னும் வேகம் எடுத்தால் இருக்கையில் உட்கார்ந்தவரின் பல்செட் தனியாகப் பேசுகிறது. "இதும் மேல மாதாவ ஏத்துனா, கோயிலுக்குத் திரும்பறப்போ மாதா கைல குழந்த இருக்காது. சரி பண்ணு. இல்லாங்காட்டி மைக்கேல் வண்டிதான்" என்று சொல்லிவிட்டார். மைக்கேலும் தன் வண்டியைக் கழுவித் தயாராக நிறுத்திவிட்டாராம்.

"மெக்கானிக் கைல காட்டுனியா?"

"மூணு பேரு பாத்துட்டாங்கோ. ஒருத்தன் டயருன்றான், ஒருத்தன் பேரிங்குன்றான், இன்னொருத்தன் வண்டிய வித்துடுன்றான். ஒரே பேஜாரா கீது. நீ கொஞ்சம் பாரேன்."

நான் சிரித்தேன். இப்போது நினைத்தாலும் அந்தச் சிரிப்பை ஓங்கி அறையத் தோன்றுகிறது. "நோயைத் தெரிஞ்சிக்காம மருந்து குடுக்குறவங்க அவங்க. என் முறை வேற" என்றேன்.

உள்ளே செய்தித்தாள் பின்னாலிருந்து சேவியர், "ஆல்பர்ட்டு, ஓடிப்போயிடு" என்றார்.

அடுத்த இரண்டு வாரம் நான் வாழ்க்கையில் மிகவும் மகிழ்ச்சியாக இருந்த நாட்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆல்பர்ட் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து முறைப்படி விசாரித்தேன். ஒரே வேகத்தில் கியரை மாற்றச் சொன்னேன். இன்ஜின் சத்தம் மாறியது, அதிர்வு மாறவில்லை. ஆகவே இன்ஜின் நிரபராதி. கியரை விடுவித்து வண்டியைத் தானாக உருளவிடச் சொன்னேன். அப்போதும் அதிர்வு இருந்தது. ஆகவே கிளட்ச் நிரபராதி. முன் சக்கரங்களுக்குப் போகும் தண்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு ஓட்டினோம். அப்போதும் இருந்தது. ஆகவே முன்பக்கம் முழுக்க நிரபராதி. காட்டுப்பள்ளி வரை போய்த் திரும்பியதில் குற்றவாளிகள் ஒவ்வொருவராக விடுதலை ஆனார்கள். ஆல்பர்ட்டின் ஐஸ்தான் உருகிக்கொண்டே போனது.

"அக்கா, லோடு எறக்கிட்டு வந்து விசாரிக்கலாமே."

"பாரம் இருக்கறப்போ ஒரு தடவை, இல்லாதப்போ ஒரு தடவை. அதுதான் முறை."

"பாரம் தண்ணியா ஊத்திகினு கீதுக்கா."

கடைசியில் மாட்டியது பின் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட். இன்ஜின் பக்கத்துச் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் நீளமான இரும்புத் தண்டு அது. அதன் இரு முனைகளிலும் கவட்டை போன்ற பிடிகளும், ஒவ்வொரு பிடியின் நடுவிலும் கிராஸ் என்கிற சிலுவை வடிவத் துண்டும் இருக்கும். வண்டிக்கடியில் படுத்துத் தண்டைக் கையால் ஆட்டினேன். பின்முனைக் கிராஸ் ஆடும் பல் மாதிரி ஆடியது. மூன்று மெக்கானிக்குகள் காணாததை நான் கண்டேன். அதை அவர்கள் மூவரிடமும் தனித்தனியாகப் போய்ச் சொல்லிவிட்டும் வந்தேன். (அவசியமில்லைதான்.)

திருவிழாவுக்கு முந்தின நாள் காலை. புதுக் கிராஸ் வந்துவிட்டது. ஆல்பர்ட் வீட்டு வாசலில் தண்டை இறக்கினேன். அது ஒற்றைத் தண்டு இல்லை, ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரண்டு பாகம். பிரித்துச் சுத்தம் செய்து, புது மசகு வைத்து, பிரித்த அதே வாக்கில் திரும்பச் செருக வேண்டும். இரண்டு முனைக் கவட்டைகளும் ஒரே திசை பார்த்திருக்க வேண்டும். வாக்கு மாறினால் ஒரு முனையின் குலுக்கலை இன்னொரு முனை ஈடுகட்டாது. இரண்டும் சேர்ந்துகொண்டு குலுக்கும். அதனால் பிரிப்பதற்கு முன் அடையாளம் போடுவது கட்டாயம். உளியை வைத்துச் சுத்தியலால் இரும்பில் ஒரு புள்ளி அடிக்க வேண்டும். சாக்பீஸால் கோடு போட்ட ஓர் உதவியாளரை நான் ஒருமுறை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்டிருக்கிறேன்: "இது டர்பைனா, பாண்டி ஆட்டமா?"

சுத்தியலை ஓங்கினேன். ஆல்பர்ட்டின் மனைவி ஸ்டெல்லா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, இன்னா பண்றீங்க? ஃபாதர் வந்து மந்திரிச்சிட்டுப் போன வண்டி. மாதா ஏறப்போற வண்டிய சுத்தியால அடிக்கிறீங்களே."

"ஒரு புள்ளிதான் ஸ்டெல்லா."

"ஆணி அடிக்கிற மாதிரி கீது அண்ணி. இது இன்னா, ஏசுவ சிலுவைல அறையற புனித வாரமா?"

ஆல்பர்ட்டும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டான். சரி, முறை ஒன்றுதானே, கருவிதானே வேறு என்று சொல்லி, சாக்பீஸ் வாங்கி வரச் செய்து, இரண்டு பாகத்தையும் சேர்த்து அழகாக ஒரு வெள்ளைக் கோடு போட்டேன். பாகங்களைப் பிரித்து, கிராஸை மாற்றினேன். வெயில் ஏறிவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து வந்தேன்.

திரும்பி வந்தபோது தண்டின் இரண்டு பாகமும் வாசலில் பாயின் மேல் கிடந்தன. எவர்சில்வர் குடம் மாதிரி பளபளத்தன.

"ரொம்பக் கலீஜா இருந்திச்சி அண்ணி" என்றாள் ஸ்டெல்லா பெருமையாக. "மேல மாதா, அடியில அழுக்குன்னு எப்படி விடறது? சோப்புப் போட்டுத் தேச்சி, தேங்காநாரு வெச்சி உரசி, துணில தொடச்சிட்டேன். வண்டிக்கு அடியிலயும் ஓஸ் வெச்சி அடிச்சாச்சி."

கோடு இருந்த இடத்தில் என் முகம் தெரிந்தது.

பதறியிருக்க வேண்டும். பதறவில்லை. இத்தனை வருட அனுபவத்துக்குக் கண் பார்வை போதாதா? வண்டிக்கடியில் படுத்தேன். முன் பாகத்தைப் பூட்டினேன். பின் பாகத்தைச் செருகும்போது, வெளியே முக்காலியில் உட்கார்ந்திருந்த சேவியருக்கு, கவட்டைகள் ஏன் ஒரே திசை பார்க்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். விளக்கம் சிறப்பாக அமைந்தது. கை நகர்த்தியும் காட்டினேன். அப்படிக் காட்டிய நேரத்தில்தான் தண்டு கையில் கால் சுற்றுத் திரும்பியிருக்க வேண்டும். நான் அதை அப்படியே தள்ளிச் செருகி, போல்டுகளை முறைப்படி இறுக்கினேன். நான் செய்த ஒரு தவறுக்கு நானே அவ்வளவு தெளிவான விரிவுரை கொடுத்தது அதுதான் முதல் முறை.

"இப்ப எண்ணூர் ரோடு வரைக்கும் ஒரு நடை ஓட்டிப் பாக்கணும்" என்றபடி வெளியே வந்தேன். வேலை முடிந்ததும் ஓட்டிப் பார்க்காமல் ஒப்படைக்கக் கூடாது. இது எழுதப்பட்ட விதி, எழுதியவளும் நான்தான். ஆனால் வண்டியின் மேல் ஏற்கெனவே தேர் கட்டுபவர்கள் ஏறியிருந்தார்கள். மூங்கில் நட்டு, பலகை அடித்து, சாமந்திச் சரம் உதறிக்கொண்டிருந்தார்கள்.

"இனிமே இன்னாக்கா ஓட்டறது? மெதுவா கோயிலுக்குக் கொண்டுபோய் வுட்டுடறேன். கிளப்பிப் பாரு, டங்குன்னுதா?"

கிளப்பினான். டங் இல்லை. கோயில் இரண்டு தெரு தள்ளித்தான். ஊர்ந்துகொண்டே போனான். இன்னாசி காதை வைத்துக் கேட்டுவிட்டு, "சத்தமே இல்லியே. இன்ஜினீயரம்மான்னா இன்ஜினீயரம்மாதான்" என்றார். மைக்கேல் வண்டி வீட்டுக்குப் போனது. ஆல்பர்ட் என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

மறுநாள் மாலை ஊர்வலம் கிளம்பியது. முன்னால் பேண்டு வாத்தியம், அப்புறம் மெழுகுவத்தியோடு ஜனம், அப்புறம் தேர். வெள்ளைச் சட்டையில் ஆல்பர்ட், கண்ணாடியில் தலை வாரிக்கொண்டு வண்டியை எடுத்தான். கோயில் சந்தில் ஊர்ந்தவரை ஒன்றுமில்லை. பெரிய தெருவில் பேண்டு வேகம் எடுத்தது, ஜனம் நடை போட்டது, வண்டியும் நடை வேகத்துக்கு வந்தது.

மாதா தலையாட்டினார்.

முதலில் என் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். இல்லை, ஆட்டம்தான். சொரூபம் முழுதாக, அதன் பீடத்தோடு, முன்னும் பின்னும், மெல்ல, ஒரே சீராக. உயரத்தில் இருந்ததால் கீழிருந்து பார்ப்பவர்களுக்கு, கூட்டத்தைப் பார்த்து 'ஆமாம், ஆமாம்' என்று தலையசைப்பது போலவே இருந்தது. எனக்கு மட்டும் வேறு ஒன்று தெரிந்தது. தண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் மாதா இரண்டு முறை ஆட்டினார். கவட்டை வாக்கு மாறினால் வரும் ஆட்டம். அந்த நடை வேகம் மூங்கில் தேரின் இயல்பான ஆட்டத்தோடு கச்சிதமாகப் பொருந்திவிட்டது. பாடப் புத்தகத்தில் படம் போட்டுக் காட்ட வேண்டிய அதிர்வு, தெருவில் பூ அலங்காரத்தோடு போய்க்கொண்டிருந்தது.

பக்கத்தில் நின்ற பிலோமினா அக்கா கன்னத்தில் கை வைத்தார். எங்கள் தெருவில் மூத்தவர், ஜெபமாலைக் குழுவின் தலைவி.

"பேரனுக்கு ஹார்பர்ல வேலை கெடைக்குமாம்மான்னு கேட்டேன். பாத்தியா, சரின்றாங்க. சரி சரின்றாங்க."

அவ்வளவுதான். தீ மாதிரி பரவியது. ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். வூடு கட்டலாமா தாயே? ஆமாம். எம் பொண்ணுக்கு இந்த வருசம் கண்ணாலம் ஆவுமா? ஆமாம், ஆமாம். ஒருத்தி தன் வீட்டுக்காரரைச் சட்டையைப் பிடித்து முன்னால் இழுத்துவந்து, "இந்தாளு இன்னியோட குடிய நிறுத்திடணும், இன்னா சொல்ற மாதா?" என்றாள். மாதா விடாமல் தலையாட்டினார். அந்த மனிதர் நடுத்தெருவில் முழங்காலிட்டு அழுதார்.

நான் பீடத்தின் அடிக்கட்டைப் பார்த்தேன். சொரூபத்தைப் பிடித்திருந்தது சில கயிறும் ஆணியும்தான். இப்படியே கடைத்தெரு முழுக்க ஆடினால் ஆணி கழன்றுவிடும். எங்கள் தாத்தன்கள் காலத்துச் சொரூபம். அது விழுந்தால் ஆல்பர்ட்டுக்குத் தேர் மட்டுமல்ல, ஊரே இல்லை.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓட்டுநர் சன்னலுக்கு ஓடினேன். "ஆல்பர்ட்டு, வேகத்தைக் கொறை."

"இன்னாக்கா?"

"கேக்காத, கொறை."

குறைத்தான். ஆட்டம் நின்றது. ஓர் அம்மாள் கேள்வியின் நடுவில் இருந்தார். "என் மருமவ திருந்துவாளா" என்று அவர் கேட்டு முடித்தபோது மாதா கல்லாக நின்றார். அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க விரும்புகிறேன்.

நான் விலகியதும், முன்னால் பேண்டு தூரம் போய்விட்டதென்று இன்னாசி கை காட்ட, ஆல்பர்ட் மறுபடி நடை வேகம் எடுத்தான். மாதா தலையாட்டினார். நான் ஓடினேன். நின்றது. விலகினேன். ஆட்டினார். மூன்றாவது முறை நான் சன்னலை நெருங்கும்போது தெருவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏம்மா இன்ஜினீயரு" என்றார் பிலோமினா அக்கா, கோபமில்லாமல், நோயாளியிடம் பேசுகிற குரலில். "நீ கொஞ்சம் தள்ளிப் போயேன். நீ கிட்ட வந்தா மாதா ஆட்டறத நிறுத்திடறாங்க."

"அக்கா, அது ஷாஃப்ட்டோட கவட்டை. நான்தான் தப்பா மாட்டிட்டேன்."

"தப்புப் பண்ணேன்னு உன் வாயாலயே சொல்ற பாரு. அத ஃபாதராண்ட சொல்லு. பூசைக்கு வந்து எவ்ளோ நாளாவுது?"

நான் கவட்டைக் கணக்கை விளக்க வாய் திறந்தேன். ஜெபமாலைக் குழுப் பெண்கள் மரியாதையாக, ஆனால் இரண்டு பக்கமும் கையைப் பிடித்து, என்னை ஊர்வலத்தின் கடைக்கோடிக்கு அழைத்துப்போய் ஜெனரேட்டர் வண்டியருகே விட்டார்கள். ஆல்பர்ட் இல்லாததால் அங்கே தள்ள ஓர் ஆள் குறைவாக இருந்தது. நான் தள்ளினேன். டீசல் புகை பற்றி அவன் சொன்னதெல்லாம் உண்மை.

தள்ளிக்கொண்டே யோசித்தேன். வண்டி வேகத்தைக் குறைக்க நான் கிட்டப் போக முடியாது. ஆனால் வண்டியின் வேகம் ஜனத்தின் வேகம். ஜனத்தின் வேகம் பேண்டின் வேகம். தெரு ஓரமாகச் சுண்டல் தின்றுகொண்டு நடந்த சேவியரைக் கூப்பிட்டேன்.

"பேண்டு மாஸ்டர்கிட்ட போய் மெதுவா வாசிக்கச் சொல்லுங்க. ரொம்ப மெதுவா. இல்லன்னா சொரூபம் விழுந்துடும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கவட்டையா?"

"கவட்டைதான்."

"நேத்து அவ்வளவு நல்லா விளக்கினியே" என்றார். சுண்டல் பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டு முன்னால் போனார்.

அந்த பேண்டுக்குத் தெரிந்தது இரண்டே வேகம். ஒன்று கல்யாண வேகம், இன்னொன்று மூலக்கொத்தளம் இடுகாட்டுக்குப் போகிற வேகம். சேவியர் இரண்டாவதைக் கேட்டு வாங்கிவிட்டார். அதற்கு மேல் திருவிழா ஊர்வலம் சவ ஊர்வலமாக நகர்ந்தது. மாதா அசையவில்லை. ஆணி கழலவில்லை. சொரூபம் பத்திரமாகக் கோயில் சேர்ந்தது. குழு கூடி, மாதா மனமிரங்கியது இந்த வண்டியில்தான் என்பதால் இனி எல்லா வருடமும் ஆல்பர்ட்தான் ஓட்ட வேண்டும் என்று முடிவு செய்தது. அவன் கண் கலங்க நின்றான். எல்லாரும் கை கொடுத்தார்கள். ஜனத்தின் கணக்கு மிகத் தெளிவாக இருந்தது: தலையாட்டியது மாதா. நிறுத்தியது நான். அந்தத் துக்கத்தில்தான் பேண்டே இழவு வாசித்தது.

மறுநாளே தண்டைப் பிரித்து, கவட்டைகளை நேராக்கி, சுத்தியலால் ஓங்கி ஒரு புள்ளியும் அடித்துவிட்டேன். ஸ்டெல்லா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வண்டி இப்போது வெண்ணெயாக ஓடுகிறது. அதுவே வினையானது. அடுத்த வருடத் திருவிழாவில் மாதா ஒரு துளியும் அசையவில்லை. ஜனம் ஏமாந்து நின்றது. பிலோமினா அக்கா தலையை நிமிர்த்தி மாடிகளையெல்லாம் தேடி, ஒரு தோழி வீட்டுப் பால்கனியில் என்னைக் கண்டுபிடித்து, "தோ, அங்க நின்னுகினு கீது பாரு" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரிடமாவது 'சரி' வாங்க வேண்டியிருந்தால் என்னை அப்புறப்படுத்திவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். விசா நேர்காணல், பள்ளிக்கூட அட்மிஷன், எதுவானாலும் அப்படித்தான். வேடிக்கைக்குத்தான் செய்கிறார்கள். வேடிக்கைக்குச் செய்கிறவர்கள் அவ்வளவு கவனமாகக் கதவைச் சாத்த மாட்டார்கள்.

போன மாதம் ஆல்பர்ட்டின் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் செருப்பைக் கழற்றுவதற்குள் என்னை மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டான். கொடியில் காய்ந்த துணிகளுக்கு நடுவே, துறைமுகத்துக் கிரேன்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். காப்பி மட்டும் ஒழுங்காக மேலே வந்தது. கொஞ்ச நேரத்தில் சேவியர் போன் செய்தார்.

"மாப்பிள்ளையோட அம்மா தலையாட்டிட்டாங்க. நீ இறங்கி வரலாம்."

அதிர்வுக்கும் மனித சம்மதத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. அதை எந்த மேடையிலும் ஏறி என்னால் நிரூபிக்க முடியும்.

"அவங்க அப்பா?" என்று கேட்டேன்.

"அவர் இன்னும் கேசரி சாப்பிட்டுக்கிட்டிருக்கார்."

"அப்ப நான் கொஞ்ச நேரம் கழிச்சே வரேன்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டேன்.